மரத்தில் கத்தி வைக்க முன்: வன்னிக் கிராமங்களில் எந்த மரத்துக்கு எந்தச் சட்டம்

"எங்கட காணி, எங்கட மரம். தறிக்கேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. ஏத்திக்கொண்டு போகேக்கதான் மறிச்சவங்கள்." மரவழக்கில் அகப்பட்டவர்களைக் கேட்டால் வன்னியில் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. நமது நாட்டின் மரச் சட்டங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. வளவில் நிற்கிற மரத்தைப் பெரும்பாலும் அவை கவனிப்பதில்லை. அதே மரம் குற்றியாகி லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏறியதும் கண் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் வளவுக்குள் ஒரு குற்றமும் செய்யாதவர் படலையைத் தாண்டியதும் குற்றவாளி ஆகிறார்.

லண்டனில் வீடு வாங்கிய நம் பிள்ளைகள் வேறு கதை சொல்வார்கள். அங்கே உள்ளூர்ச் சபை தனியொரு மரத்தின் பேரிலேயே காப்புக் கட்டளை பிறப்பிக்கும். பிறகு அதில் ஒரு கொப்பு வெட்டவும் சபையின் அனுமதி வேண்டும். பழைமை பேணும் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊரென்றால், கட்டளை இல்லாத மரமாக இருந்தாலும், தண்டு கொஞ்சம் பருத்திருந்தாலே 6 வாரங்களுக்கு முன் சபைக்கு எழுதி அறிவிக்க வேண்டும். இங்கே உள்ளூர்ச் சபைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஊர்ச் சந்தியில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் புளிக்கென்று ஒரு கோப்பு பொதுவாக எந்தக் கந்தோரிலும் திறக்கப்படுவதில்லை. இலங்கையில் மரத்துக்குக் காப்பு வருவது பெரும்பாலும் மூன்று வழியால்: அது என்ன இனம், எந்த நிலத்தில் நிற்கிறது, எங்கே கொண்டுபோகப்படுகிறது.

இனத்தைப் பார்த்துக் காப்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் சொந்த உறுதிக்காணியில் (உறுதி முடித்த தனியார் காணியில்) நின்றாலும் அனுமதி எடுக்காமல் தறிக்கக் கூடாது. விலைமதிப்பான முதிரையும் கருங்காலியும் இருக்க, இந்த மூன்றையும் ஏன் தேர்ந்தார்கள்? இது பலகைக்காக வந்த சட்டமல்ல, சாப்பாட்டுக்காக வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசிக் காலம் தொடங்கியது. தெற்கில் பல வீடுகளில் பலாக்காய்தான் சோறாக இருந்தது. ஊர் ஊராகப் பலாக்கன்று நட வைத்த ஆர்தர் வி. டயஸை சிங்கள மக்கள் இன்றும் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்றுதான் நினைவுகூர்கிறார்கள். போர் முடிந்து ஆறு வருடங்களில் வந்த சட்டம் இது. பசிக்கு நின்ற மரங்களை விறகுக்கும் பலகைக்கும் விற்றுவிடாதபடி பார்த்துக்கொண்டது.

நம் பக்கத்தில் அந்தப் பட்டியலில் பெரிதாக நிற்பது பனைதான். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்து வளவுகளில் பலா நிற்கும். ஈரப்பலா அங்கொன்றும் இங்கொன்றும். பனை மட்டும் கரையோரம் முழுக்க உண்டு. நுங்கு, பனம்பழம், அதிலிருந்து பனாட்டு, விதையைப் பாத்தி போட்டால் கிழங்கு, கிழங்கைக் காயவைத்தால் ஒடியல்: இவ்வளவும் பெண்பனையிலிருந்து வருவன. ஆண்பனையிலிருந்து கள்ளும் கருப்பணியும் இறக்கலாம், காய் வராது. சட்டம் பெண்பனையை மட்டும் குறித்தது அந்தக் கணக்கில்தான். கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பனை பாளை தள்ள 12, 15 வருடமாவது ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று மரம் ஏறுகிறவராலும் சொல்ல முடியாது. வடலிகளை, அதாவது இளம் பனைகளை, புல்டோசர் போட்டுத் தள்ளிக் காணி துப்புரவாக்குகிறவர் சட்டப்படி பெண்பனையைத் தறித்தாரா இல்லையா என்று எவரும் நிரூபிக்கப் போவதில்லை. என்னைக் கேட்டால், பனையில் நடக்கும் பெரிய அழிவு முதிர்ந்த பனையைத் தறிப்பதில் இல்லை, இந்த வடலி அழிப்பில்தான் இருக்கிறது.

போர்க் காலத்தில் பனைக்கு நடந்தது தனிக்கதை. காப்பரண்களுக்கும் பதுங்குகுழிக் கூரைகளுக்கும் பனங்குற்றிதான் அடுக்கப்பட்டது, இரு தரப்பிலும். எஞ்சியவற்றில் பல ஷெல் பட்டுத் தலையிழந்தன. தலைபோன பனை துளிர்க்காது. வேம்பைப் போல அடியிலிருந்து முளைத்து வருகிற சாதி அல்ல. அப்படிப்பட்ட மொட்டைப் பனையைத் தறிக்கவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று மீள்குடியேறிய காலத்தில் பலர் கேட்டார்கள். பட்ட மரம் என்பது அனுமதி கிடைப்பதற்கு நல்ல காரணம். அனுமதியே தேவையில்லை என்பதற்கு அது காரணமாகாது.

அனுமதி எடுக்கும் வழி சிக்கலானதல்ல, நடைதான் அதிகம். விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. காணி உரித்தைக் காட்டும் பத்திரத்தின் பிரதி, எத்தனை மரம், ஏன் தறிக்க வேண்டும் என்ற விபரம் இவற்றைக் கொடுக்க வேண்டும். பனை என்றால் பனை அபிவிருத்திச் சபையின் சிபாரிசும் கேட்கப்படும். 1978இல் தொடங்கிய சபை அது. ஒருவர் வந்து மரத்தைப் பார்ப்பார். வீட்டின்மேல் சாய்ந்திருக்கிறது, பட்டுப்போனது, காய்ப்பு நின்றுவிட்டது, வீட்டு அத்திவாரத்துக்கு இடம் இல்லை என்பவை எடுபடும் காரணங்கள். 'வளவு துப்புரவாக்க' என்று மட்டும் எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். தறிக்கும் மரத்துக்கு ஈடாகக் கன்று நடச் சொல்வார்கள். நட்டார்களா என்று திரும்பி வந்து பார்ப்பது அபூர்வம்.

இனி நிலம். வன்னியில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உறுதிக்காணி. ஒருவருடைய வேலிக்குள் நிற்பது அவருடையது என்பதில் அதிகம் சந்தேகம் வராது. வன்னியில் கணிசமான குடும்பங்கள் இருப்பது அரச காணியில். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெமிட்டோடு (அனுமதிப்பத்திரத்தோடு) கிடைத்த காணி அது. கிளிநொச்சி, வவுனிக்குளம், முத்தையன்கட்டு குடியேற்றத் திட்டங்கள் எல்லாம் இந்த வகை. பெமிட் காணியில் பயிர் செய்பவர் அதன் முழு உரிமையாளர் அல்லர், நிபந்தனைகளோடு ஒப்படைக்கப்பட்டவர். அப்பா காடு வெட்டிய காலத்தில் நிழலுக்கென்று விட்ட பாலை இன்று வயல் நடுவே பெருத்து நின்றால், அதைத் தறித்து விற்க மகனுக்கு உரித்து இருக்கிறதா என்பதைப் பெமிட்டில் உள்ள நிபந்தனையைப் படித்தும் பிரதேச செயலகத்தில் கேட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். பெமிட்டுக்கு அடுத்த கட்டமான அளிப்புப் பத்திரம் கிடைத்தவருக்கும் எல்லாத் தடையும் போய்விடவில்லை. பெமிட்டைக் கொப்பிக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டுகிறவர்கள் பலர். பின்பக்கத்து நிபந்தனைகளை ஒருமுறையாவது வாசித்தவர்கள் குறைவு.

அந்தக் காணிக்கும் அப்பால் காடு. அதற்கு 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்தான். 2009இல் கடுமையாகத் திருத்தினார்கள். அரசு ஒதுக்கி அறிவித்த ஒதுக்கக் காட்டுக்குள் மரத்தைச் சாய்ப்பது மட்டும் குற்றமல்ல. கொப்பு வெட்டுவது, பட்டை உரிப்பது, மரத்தைச் சுற்றி வளையமாக வெட்டிப் பட்டுப்போக வைப்பது, இலை பறிப்பது, நெருப்பு வைப்பது எல்லாமே குற்றம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வரும் இடங்களுக்கு வேறு சட்டம், 1937இல் வந்தது. மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆனபின் அங்கே விறகுக்கு ஒரு காய்ந்த தடி எடுப்பதற்கும் இடமில்லாமல் போனது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காடு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வன்னியின் பெரிய வழக்கு. இடம்பெயர்ந்து 10, 15, சில ஊர்களில் 20 வருடம் கழித்துத் திரும்பியவர்களின் காணியில் பத்தை வளர்ந்து, பத்தை மரமாகி, பார்வைக்குக் காடு போலவே நின்றது. கிணற்றுக் கட்டும் வீட்டுத் தூணும் உள்ளே இருந்தன. இதற்கிடையில் ஒதுக்கப்படாத அரச காடுகளின் நிர்வாகத்தை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனத் திணைக்களத்திடம் ஒப்படைத்திருந்தது. 2020 நவம்பரில் வந்த இன்னொரு சுற்றறிக்கை அந்தப் பொறுப்பை மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர் பக்கம் திருப்பியது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. கந்தோர்கள் இப்படி இழுபட, ஊரவருக்கு மிஞ்சியது எல்லைக்கல். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் உங்கள் பாட்டன் நட்ட புளியே நின்றாலும், காணி விடுவிக்கப்படும் வரைக்கும் கத்தி வைத்தால் வழக்கு அரச காட்டில் மரம் வெட்டியதாகத்தான் வரும். கோபம் நியாயமானதுதான். அந்தக் கோபத்தில் முதலில் மரத்தைத் தறிப்பது காணி வழக்கையும் பலவீனப்படுத்தும். புளியும் தென்னையும் மாவும்தான் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி. அவற்றைத் தறித்துவிட்டு எதைக் காட்டி உரிமை கேட்பது?

மூன்றாவது, பாதை. சில வகை மரங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி தேக்கு, முதிரை, பாலை போன்றவற்றைக் குற்றியாகவோ அரிந்த பலகையாகவோ ரோட்டில் கொண்டுபோக வனத் திணைக்களத்தின் கொண்டுசெல்லல் அனுமதிப்பத்திரம் வேண்டும். வளவில் நீங்களே நட்ட தேக்கானாலும் இதுதான் நிலை. நட்டவர், வளர்த்தவர், தறித்தவர் எல்லாம் நீங்களாக இருக்கலாம். மரம் அரிந்து விற்கும் மரக்காலை வரைக்கும் கொண்டுபோகப் பத்திரம் தேவை. பத்திரம் இல்லாமல் பிடிபட்டால், அந்த மரம் அரசினுடையது என்ற அனுமானத்தோடுதான் வழக்குத் தொடங்கும். அப்படி அல்ல என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

தறிப்பதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது என்பது இதனால்தான். வட்டார வன அலுவலகத்தில் உறுதியின் பிரதியும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கொடுத்தால் ஒரு அலுவலர் வளவுக்கு வருவார். நிற்கிற மரத்தைப் பார்ப்பார். தறித்தபின் குற்றியின் நீளமும் சுற்றளவும் அளப்பார். வெட்டுமுகத்தில் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. எழுத்துப் பதிந்த அந்த வட்டம்தான் குற்றிக்கு அடையாள அட்டை. அடிக்கட்டையை உடனே கிண்டி எடுத்து எரித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும், வளவு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அடிக்கட்டை கிடந்தால்தான் 'இந்தக் குற்றி இந்த மரத்தினுடையது' என்று பொருத்திப் பார்க்க முடியும். வேலை முழுதும் முடியும் வரைக்கும் அதைத் தொடாமல் விடுங்கள்.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வன வழக்கில் குற்றத் தீர்ப்பு வந்தால் கோடரி, இயந்திர வாள் மட்டுமல்ல, மரம் ஏற்றிய வாகனமும் அரசுடைமை ஆக்கப்படலாம். வாடகைக்கு ஓடுபவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்புவது கடினம். இப்படி நடக்காமல் இருக்கத் தன்னால் ஆன முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று காட்ட வேண்டும். லீசிங்கில் எடுத்த லான்ட்மாஸ்டரை ஒரு நடை முதிரைக்காக இழந்த வீடுகள் வன்னியில் இருக்கின்றன. முதிரைக்கு ஏன் இவ்வளவு இழுபறி என்பதும் தெரிந்ததே. பொன்னிறமான வைரம், கறையான் எளிதில் அண்டாது, நிலைக்கும் கதவுக்கும் அதைவிட மேல் வேறில்லை என்பது ஊர் நம்பிக்கை. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் உட்பட ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழும்பியபோது நிலையும் யன்னலும் எல்லாருக்கும் தேவைப்பட்டன. அந்த நெருக்கடியில் பிடித்த கள்ளமர வழி இன்னும் அடைபடவில்லை.

விலைபேசும்போது வன்னிக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. மரத்துக்குள் இரும்பு. சண்டை நடந்த இடங்களில் நின்ற மரத்தில் சன்னமும் ஷெல் துண்டும் பாய்ந்து, மேலே பட்டை மூடி, உள்ளே கறுத்த கறையாகக் கிடக்கும். அரிகிற வாள் அதில் பட்டால் பல் பறக்கும், சில வேளை ஆளுக்கும் படும். மரக்காலைக்காரர் குற்றியைச் சுற்றி நடந்து, பட்டை சுருங்கிய இடங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். இயந்திர வாள் பிடிக்கிறவருக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். சட்டத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

தறிப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் சட்டம் சொந்த வளவில் கொப்பு வெட்டுவதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. வளவு வேம்பின் கொப்பை இறக்க, வேலிப் பூவரசையும் கிளிசரியாவையும் வெட்டிக் கதியால் போட, ஆட்டுக்குக் குழை முறிக்க எவரிடமும் கேட்கத் தேவையில்லை. காட்டில்தான் மாறுகிறது. பாலைப்பழக் காலத்தில் நடப்பதைப் பாருங்கள். பழம் நுனிக்கொப்பில் கொத்தாகக் கிடக்கும், மரமோ உயரம். ஏறிப் பறிப்பது மினக்கெட்ட வேலை என்று கொப்போடு தறித்து விழுத்துகிறார்கள். கீழே சாக்கை விரித்துக் கொத்தை உதறினால் அரை மணித்தியாலத்தில் சாக்கு நிறையும். தெருவோரத்தில் பேணிக் கணக்கில் விற்பனை. பாலை மெதுவாக வளரும் மரம். முதிர்ந்த கொப்பு ஒன்று போனால் அதே அளவுக்கு வர ஒரு ஆளின் வயதில் பாதி போய்விடும். பழத்துக்கு வரும் கரடியும் வெறுங்கொப்பைப் பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பும். வனத் திணைக்களம் பிடிப்பது பழம் பறித்ததற்காக என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பிடிப்பது பெரும்பாலும் கொப்புக்காக. தோட்டத்துக்குக் காட்டுக்குழை வெட்டி வண்டிகட்டிய பழைய வழக்கமும் இந்தச் சட்டத்தின்முன் குற்றம்தான், அந்த வழக்கம் தானாகவே குறைந்துவிட்டது என்பது வேறு.

குளத்தைச் சுற்றி நிற்கும் மரங்கள் ஒரு தனி வகை. குளத்து நீர் அலையடிக்கும் அலைகரையிலும் ஆற்றங்கரையிலும் நிற்கும் மருதுகள் அரச ஒதுக்கீட்டு நிலத்தில் நிற்பவை. பக்கத்து வயல்காரருக்கு நிழல் விழுகிறது என்பதற்காக அவற்றில் கைவைக்க முடியாது. குளக்கட்டில் முளைக்கும் மரத்துக்கு விதி நேர்மாறானது. வேர் குளக்கட்டை ஊடுருவி, பிறகு மரம் பட்டு வேர் உக்கினால், அந்த வெற்றுத் துவாரத்தால் தண்ணீர் வழி பிடிக்கும். கட்டு உடைவது இப்படியும்தான். அதனால் பொறியியலாளர் கட்டில் நிற்கும் மரத்தைச் சிறிதிலேயே எடுக்கச் சொல்வார். சிறிய குளம் என்றால் கமநல சேவை நிலையம், பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். கமக்கார அமைப்பு தானாக முடிவெடுத்து இயந்திர வாளோடு போகக் கூடாது. தொல்லியல் ஒதுக்கில் நிற்கும் மரத்துக்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி, மின்கம்பியில் படும் கொப்புக்கு மின்சார சபை, பிரதான வீதியோர மரத்துக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை.

கோயில் மரத்தை இந்தச் சட்டங்கள் எதுவும் தனியாகக் காப்பதில்லை. ஆனாலும் வன்னியில் மிக வயதான மரங்கள் பல கோயிலடியில்தான் தப்பி நிற்கின்றன. காட்டுக்குள் போகிறவர் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ ஒரு கொத்து முறித்து வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் உண்டு. அந்த மரத்தில் ஊரவர் எவரும் கத்தி வைக்கமாட்டார். இப்போது அந்த மரங்களுக்கு ஆபத்து திருப்பணிச் சபைகளால்தான் வருகிறது. கொங்கிறீற் மண்டபத்துக்கு இடம் தேவைப்பட்டதும் சாமி குடியிருந்த மருது 'கூரைக்கு ஆபத்து' ஆகிவிடுகிறது. கோயில் காணி கோயிலுடையதென்றால், மரமும் அந்த மூன்று இனத்தில் ஒன்றில்லை என்றால், தறிப்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழி குறைவு. பலா நின்றால் அனுமதி கேட்க வேண்டும், இருநூறு வருடத்து இலுப்பைக்கு வேண்டாம் என்ற நிலை எனக்குப் பெரிய குறையாகத்தான் தெரிகிறது.

அயல் வீட்டு மரம் உங்கள் கூரைமேல் சாய்ந்தால் முதலில் அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள், ஒரு பிரதி கிராம அலுவலருக்கு. வேலி மரம், எல்லை மரம், கொப்பு விழுந்து ஓடு உடைந்தது போன்ற தகராறுகளை நீதிமன்றம் போகாமல் தீர்க்க இணக்கசபை இருக்கிறது, செலவும் குறைவு. விழப்போகிற மரத்தால் தெருவில் போகிறவருக்கும் ஆபத்து என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி நீதவான் அதை அகற்றக் கட்டளையிட முடியும். பொலிஸ் ஊடாக அந்த வழியில் போகலாம். இரவோடிரவாக வேரில் அமிலம் ஊற்றுகிற வேலை வேண்டாம்.

மார்கழிக் காற்றில் விழும் மரத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதும் இந்தக் கேள்வி வந்தது. தானாக விழுந்ததுதானே, இதற்கும் பெமிட்டா? வளவில் விழுந்த மரத்தை அரிந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதென்றால் பிரச்சினை இல்லை. வெளியே கொண்டுபோனால் நிற்கும்போது தறித்த மரத்துக்கு உள்ள அதே விதி. காற்றுக்கு விழுந்ததா கோடரிக்கு விழுந்ததா என்று ரோட்டில் மறிக்கும் பொலிஸ்காரருக்குத் தெரியாது. வேர் கிளம்பிக் கிடக்கும்போதே போனில் இரண்டு படம் எடுத்து, கிராம அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வாளைப் போடுங்கள். தெருவுக்குக் குறுக்கே விழுந்த அரசுக்குச் சொந்தமான மரத்தை வழிவிடுவதற்காக வெட்டி ஓரமாக்கலாம், குற்றியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போகக் கூடாது.